வாடல் நோய்க்குக் கண்ட மருந்தைக் கட்டாதே! பில்லைக் கொடு!

கொடிக்கால் விவசாயத் தோழர்களே!

ஐப்பசி மழை விழுந்ததும் அடித்தண்டு கறுத்து, இலை பழுத்து, கொடி தொங்கிப் போகுது. மருந்துக்கடைக்கு ஓடுறோம். என்ன நோய் என்று கேட்பாரில்லை. கார்பென்டாசிம் பொட்டலம் ஒன்று, கூடவே ஒரு பூச்சி மருந்து, ஒரு 'டானிக்'. பில் கேட்டால் முறைப்பு!

அந்தக் கறுப்பு அழுகலை உண்டாக்குவது பைட்டோப்தோரா. அதன்மேல் கார்பென்டாசிம் வேலையே செய்யாது. காசும் போச்சு, கொடியும் போச்சு, விஷம் மட்டும் இலையில் மிச்சம்.

நம்ம சரக்கு உமி நீக்கி வேகவைத்துத் தின்கிற நெல்லா? பச்சையாய் மெல்லுகிற வெற்றிலை ஐயா! பிள்ளை பெற்றவளுக்கும் மடித்துக் கொடுக்கிறோம். அதைக் கிள்ளுகிறதும் கவுளி கட்டுறதும் நம்ம வீட்டுப் பெண்கள் வெறுங்கையால். சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பேரை மருந்து நாற்றத்தில் கெடுக்கவா?

2020 மே மாதம் மத்திய அரசே தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் கார்பென்டாசிமும் உண்டு, மாங்கோசெபும் உண்டு. 2023இல் வந்த தடையில் இந்த இரண்டும் இல்லை. யாருக்காக விட்டார்கள்?

செய்ய வேண்டியது இதுதான். செத்த கொடியை வேரோடு பிடுங்கி எரிக்கணும். தண்ணீர் தேங்கவிடக் கூடாது. அப்புறம் போர்டோ கலவை: மயில்துத்தம் 250 கிராம், சுட்ட சுண்ணாம்பு 250 கிராம், தண்ணீர் 100 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாய்க் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கணும். இரும்பு வாளி ஆகாது. அரிவாள் நுனியை முக்கிப் பார்த்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்றைக்கே ஊற்றிவிடணும். வேருக்கு மட்டும்தான், இலையில் அடிக்காதீங்க. இலையைக் கிள்ளிவிட்டு ஊற்றுவது உத்தமம். டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழு உரத்தில் கலந்து மழைக்கு முந்தியே வைக்கலாம். துத்தத்தோடு சேர்த்தால் அது செத்துப் போகும், நாள் தள்ளி வைக்கணும்.

ஆனால் அந்த டிரைக்கோடெர்மா விரிவாக்க மையத்தில் எப்போ கேட்டாலும் "ஸ்டாக் இல்லை". கேட்கிற நமக்கு வருஷமும் போகுது!

மருந்துக்குப் பில் கொடுக்கணும் என்பதும், டப்பாவில் தமிழிலும் அச்சடிக்கணும் என்பதும் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உள்ளது. நாம் சலுகை கேட்கவில்லை. பில் தராத கடையின் லைசென்ஸை ரத்து செய்! புரட்டாசிக்குள் டிரைக்கோடெர்மாவை மையத்தில் இறக்கு! கொடிக்காலுக்கு வந்து நோயைப் பார்த்துச் சொல்ல அலுவலரை அனுப்பு!

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் வாரீர். வரும்போது வாடிய கொடி ஒன்றை வேரோடு கொண்டு வாங்க. கலெக்டர் மேஜையில் வைப்போம்.