குருதியை ஆய்ந்தார், கண்ணைப் பார்த்தாரா?

நீலமலைப் பழங்குடி மக்களின் குருதியை எடுத்து ஆய்ந்த எர்மன் இலேமன், மேரி கட்புசு என்னும் அறிஞர் இருவர், அரிவாளணுக் கூறு அம்மக்களிடையே உண்டென்று 1952-இல் உலகுக்கு அறிவித்தனர். பெரிதும் ஆப்பிரிக்க மக்களுக்கே உரியதென்று அதுவரை கருதப்பெற்ற நோய் அது. அந்நோயை ஒழிப்பதற்கென நடுவணரசு நாட்டளாவிய திட்டமொன்றைத் தொடங்கியதோ 2023 சூலை முதல் நாள். இடையில் கழிந்தவை எழுபத்தோர் ஆண்டுகள்! கோத்தகிரியில் மருத்துவர் நரசிம்மன் 1958-இல் தொடங்கிய பழங்குடியினர் நல அமைப்பும், கூடலூரில் 1990-இல் எழுந்த பழங்குடியினர் மருத்துவமனையும் இல்லாதிருப்பின், அவ்வாண்டுகளில் அம்மலைமக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கதாய் இருந்திருக்கும்.

இப்பொழுது குருதியாய்வு நடைபெறுகின்றது. நன்று. ஆனால் குருதியில் உள்ள கோளாறு கண்ணில் வந்து முடியும் என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

செங்குருதியணு தட்டையாய், வட்டமாய், வளைந்துகொடுக்கும் இயல்பினது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இக்கூற்றைப் பெற்ற பிள்ளைக்கு, உயிர்வளி குறைந்தவிடத்து அவ்வணு விறைத்துக் கதிரரிவாள் போல் வளைகின்றது. மயிரினும் நுண்ணிய குழல்களில் அது சிக்கிக்கொள்ளும். உடலின் உறுப்புகளுள் எடைக்கு மிகுதியாய் உயிர்வளியைச் செலவிடுவனவற்றுள் விழித்திரையும் ஒன்று. ஆதலின் குழல் அடைபட்டால் அது விரைவில் திணறும். அடைப்பு முதலில் நேர்வது விழித்திரையின் ஓரத்தில். நடுப்பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும். கேடு இங்கேதான் ஒளிந்துள்ளது. தேயிலை கிள்ளும் பெண்ணுக்குத் தளிரும் முற்றலும் நன்கு தெரியும். தன் கண் நோயுற்றது மட்டும் தெரியாது.

திணறும் விழித்திரை வாளா இருப்பதில்லை. உதவி கேட்டுக் கூவுகின்றது. ஒவ்வோர் உயிரணுவிலும் உயிர்வளித் தாழ்வை உணர்த்தும் புரதம் ஒன்று உண்டு. உயிர்வளி போதிய அளவில் உள்ளவரை அது தோன்றத் தோன்ற அழிக்கப்பெறும்; குறைந்தாலோ அழியாது நின்று மரபணுக்களைத் தட்டியெழுப்பும். இதனைத் தெளிவுறுத்திய கேலின், இரேட்கிளிஃபு, செமென்சா ஆகிய மூவர்க்கும் 2019-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவ்வெழுச்சியால் குருதிக்குழல் வளர்ப்புப் புரதம் சுரக்கின்றது. திணறலும் குழற்சுவரின் புண்பாடும் கூடி அழற்சித் தூதுப்பொருள்களையும் வரவழைக்கின்றன. இண்டர்லூக்கின்-6, இண்டர்லூக்கின்-8, கட்டியழிவுக் காரணி என்பன அவற்றுட் சில. பெயர்கள் கரடுமுரடானவை, செயலோ எளிதில் விளங்குவது. அவை குழற்சுவரை நெகிழ்த்துக் கசியச் செய்யும். வெண்குருதியணுக்களை அழைத்துச் சுவரில் ஒட்டவைக்கும். ஒட்டிய அணுக்கள் வழியை மேலும் அடைக்க, திணறல் மேலும் மிகும். மிக மிகத் தூதும் பெருகும். காக்க வந்தவையே கெடுத்துவிடுகின்றன.

வளர்ப்புப் புரதத்தின் அழைப்பால் முளைக்கும் புதுக் குழல்கள் கடல் விசிறி போல் விரிந்து, உரமற்ற சுவரோடு நிற்கும். சில தாமே அடைபட்டுச் சுருங்கிப்போவதும் உண்டு. ஆயின் அதை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. அவை வெடித்தால் கண்ணுள் குருதி பரவும். வடுத்திசு இழுத்தால் விழித்திரையே பெயர்ந்துவிடும். நீரிழிவால் கண்ணிழப்போரிடத்தும், குறைமாதத்தில் பிறந்த குழவியரிடத்தும் உயிர்வளித் தாழ்வும் புதுக் குழல் முளைப்பும் காணப்படுகின்றன. எனவே உதகையில் நீரிழிவுற்று வாழும் வணிகரும் இதனைத் தமக்குத் தொடர்பற்றதென்று தள்ளிவிடுதற்கில்லை.

இலேசர் எனப்படும் சீரொளியால் திணறும் ஓரப்பகுதியைச் சுட்டுத் தூதைக் குறைக்கலாம்; வளர்ப்புப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுள் ஊசிவழிச் செலுத்தலாம். இரண்டும் விழித்திரை பெயருமுன் செய்தற்குரியன. மதுரை அரவிந்து கண் மருத்துவமனை 1976 முதலும், சென்னைச் சங்கர நேத்திராலயா 1978 முதலும் இயங்கிவரும் தமிழ்நாட்டில், மருத்துவ அறிவுக்குப் பஞ்சமில்லை. பணியர் குடியிருப்புக்கும் அவ்வறிவுக்கும் இடையிலுள்ள மலைவழியே நீண்டது.

இங்கு ஒன்றை வேறுபடுத்திச் சொல்லல் வேண்டும். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டுமே கூற்றைப் பெற்றவர் நோயாளரல்லர். பொதுவாக அவர் கண்ணுக்கு இடரில்லை. இதனைச் சொல்லாது விடுவதால் அஞ்சி ஒளிவோரும் உளர். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பேசுவன தமிழோடு உறவுடைய தனிமொழிகள். அவரவர் மொழியில் அமர்ந்து சொன்னாலன்றி, ஆங்கிலச் சுருக்கெழுத்து அச்சிட்ட அட்டையால் யாது பயன்?

நோயுற்ற பிள்ளைக்குப் பத்தாம் அகவை தொடங்கி, ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோ கண்மணியை மருந்திட்டு விரித்து, விழித்திரையின் ஓரம்வரை பார்த்தல் வேண்டும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது இதற்கு ஈடாகாது. குருதியெடுக்க மலையேறும் குழுவோடு, அக்கருவியும் அதனைக் கையாளத் தெரிந்த ஒருவரும் செல்லுமாறு தமிழ்நாட்டரசு ஆவன செய்தல் வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அது முதலில் தொடங்கப்பெறுதல் வேண்டும்.