பாரதி வீடும் எங்க லயமும்

போன லீவுல ஊருக்குப் போனப்ப எட்டயபுரத்துல பாரதி பிறந்த வீட்டுக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போனேன். வெளியே வந்ததும் பையன் கேட்டான்: "அப்பா, நீ வளர்ந்த வீட்டையும் பாக்கலாமா?" டொராண்டோவில் வளர்ற பிள்ளை. அப்பாவுக்கு மூணாறுன்னு மட்டும்தான் தெரியும். சரி வாடான்னு மறுநாள் மலையேறினோம்.

என்னத்தைக் காட்ட? எஸ்டேட் லயத்துல மூணாவது கதவு. உள்ளே வேற குடும்பம். வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிட்டோம்.

எங்க அம்மா முப்பது வருஷத்துக்கு மேல அங்கே கொழுந்து கிள்ளினாங்க. ரிட்டையர் ஆனதும் வீட்டை ஒப்படைச்சிட்டு சங்கரன்கோவில் பக்கம் வாடகைக்கு வந்துட்டாங்க. தப்பா யாரும் எதுவும் செய்யலை. அப்ப இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல வீடுங்கறது வேலையோட ஒட்டினதா இருந்துச்சு. வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சது. பிள்ளைங்கள்ல ஒருத்தர் தோட்ட வேலைக்கு வந்தா வீடு தங்கும். நான் கம்ப்யூட்டர் படிச்சேன். வீடு போச்சு.

பாரதியும் வாடகை வீட்டுக்காரர்தாங்க. 1908-லேர்ந்து 1918 வரைக்கும் புதுச்சேரியில இருந்தது வாடகைக்கு. 1921-ல திருவல்லிக்கேணியில கண்ணை மூடினதும் வாடகை வீட்டுல. இன்னிக்கு மூணு ஊர்லயும் அவருக்கு நினைவு இல்லம் இருக்கு. ரொம்ப நல்ல விஷயம். நான் அதைக் குறை சொல்லலை (அடிக்க வராதீங்க).

என் கோபம் நம்ம மேலதான். பிஜித் தீவுல கரும்புத் தோட்டத்துல கஷ்டப்பட்ட பெண்களை நினைச்சு அழுது பாடினவர் அவர். அந்தப் பாட்டை வருஷா வருஷம் பாரதி விழாவுல நம்ம பசங்க பட்டுப்பாவாடை கட்டிப் பாடறாங்க. நாமும் கண்ணைத் துடைச்சுக்கறோம். இன்னிக்கும் தேயிலைத் தோட்டத்துல நிக்கற தமிழ்ப் பெண்களைப் பத்தி அந்த மேடையில ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மண் சரிஞ்சு லயங்களை மூடிடுச்சு. 70 பேர் போனாங்க. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையா அந்த மலையில உழைச்சவங்க. அப்ப ரெண்டு நாள் வாட்ஸ்அப்புல மெழுகுவர்த்தி ஏத்தினோம். அதோட சரி.

"அது கேரளா விவகாரம், நாம என்ன செய்ய முடியும்?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். பாரதி பிஜிக்குப் போனதே இல்லை சார். அது அவர் மாகாணமும் இல்லை. அவர் 'நமக்கென்ன'ன்னு இருந்திருந்தா நம்ம பசங்க பாட அந்தப் பாட்டே இருந்திருக்காது.

அந்தப் பெண்கள் வாயில்லாதவங்களும் இல்லை. 2015-ல தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிட்டு மூணாறு ரோட்டுல உக்காந்து போனஸ் வாங்கினவங்க. நாம யாரும் அவங்களுக்காகப் பேச வேண்டாம். கூட நின்னா போதும்.

வாழ்நாள் பூரா உழைச்சவங்க ரிட்டையர் ஆகும்போது சொந்தமா கொஞ்சம் நிலமும் ஒரு வீடும் வேணும். கேட்க வேண்டியது இது ஒண்ணுதான். அடுத்த பாரதி விழாவுல பாட்டு முடிஞ்சதும் இதுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்க. லயத்துல வளர்ந்த பிள்ளைங்க நம்ம கூட்டத்துலயே இருப்பாங்க, மேடைக்குக் கூப்பிடுங்க. பேசி முடிச்சதும் கேரள அரசுக்கு ஒரு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.

எட்டயபுரத்துல அந்த வீட்டுத் திண்ணையைத் தடவிப் பார்த்துட்டு அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "பொறந்த வீடு இன்னும் நிக்குது. குடுத்து வச்ச மனுசன்."