மிஞ்சிய காலாள்

சதுரங்கத்திலே ஒரு காலாள் மிஞ்சியிருப்பது செல்வமா, வெறும் கணக்கா? ஆட்டத்தின் தொடக்கத்தில் பக்கத்துக்கு எட்டாக நிற்கும் இவ்வெளிய காய்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. ராணிகள் மாண்டு, குதிரைகள் வீழ்ந்து, பலகை வெறிச்சோடிய பின்னரே அவற்றின் அருமை புலப்படும். எதிர்க்கரையை அடையும் காலாள் ராணியாகிவிடுமன்றோ? ஜெர்மானியர் தம் மொழியில் இக்காயை உழவன் என்றே அழைக்கின்றனர். நெல்லை நம்பி வாழும் வன்னி மக்களாகிய நமக்கு அப்பெயர் மெத்தப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

இவ்விடயத்தை எழுத எம்மைத் தூண்டியது ஒரு பழைய குற்றம். அதுவும் எமது குற்றம். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலரைச் சதுரங்கப் போட்டி ஒன்றுக்காக வவுனியாவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். இறுதிச் சுற்று. ஏனைய மேசைகள் எல்லாம் எழுந்துவிட்டன. எம் பையன் ஒருவன் மாத்திரம், ஆளுக்கொரு கோட்டை நிற்க, தன் பக்கத்தில் ஒரு காலாள் கூடுதலாக இருக்க, அசையாது அமர்ந்திருந்தான். முல்லைத்தீவுக்குச் செல்லும் கடைசி பஸ் புறப்படும் நேரமோ நெருங்கிற்று. நாம் மணிக்கூட்டைப் பார்த்தோம்; அவன் எம்மைப் பார்த்தான். வாய் திறந்து யாதொன்றும் சொன்னோமல்லோம். ஆயினும் எமது முகம் சொல்லியிருக்க வேண்டும். எதிராளி சமநிலை கேட்டுக் கையை நீட்ட, இவனும் கையைக் கொடுத்துவிட்டான். அரைப் புள்ளியால் எமது அணிக்குப் பரிசு தவறியது. பஸ் அன்று முக்கால் மணித்தியாலம் பிந்தியே வந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அதே பையன் 2024ஆம் ஆண்டிலே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினான். நவம்பர் 25ஆம் நாள் பரீட்சை தொடங்கிற்று. அன்றே சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகைப் போட்டியும் தொடங்கிற்று. இங்கே மழை கொட்டி, வெள்ளம் பெருகி, பரீட்சை இடையில் நின்று, டிசம்பர் 4ஆம் நாளே மீண்டும் நடந்தது. அங்கே ஆட்டங்கள் நில்லாமல் நடந்தன. டிசம்பர் 12ஆம் நாள் பிற்பகல், பதினான்காவதும் இறுதியுமான ஆட்டத்தைக் கைத்தொலைபேசியிற் பார்ப்பதற்காக அவன் எம் வீட்டுக்கு வந்துவிட்டான். பரீட்சைக் காலத்தில் இது தகுமோ என்று அவனுடைய தாயார் கேட்டிருப்பின் எம்மிடம் விடை இருந்திராது.

சீனாவின் டிங் லிரென் அப்போது உலக வாகையர். அவரை எதிர்த்தவர் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ். இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். இந்த ஆட்டமும் சமநிலையாயின் விரைவாட்டங்களே முடிவைத் தீர்மானிக்கும். அவற்றில் டிங்கின் கை ஓங்கும் என்பது பலருடைய மதிப்பு. ஆகவே வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங், ராணிகளை மாற்றி, ஒரு காலாளையும் இழக்கத் துணிந்து, சமநிலை என்னும் கரையை நோக்கி விரைந்தார். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு பிஷப். குகேஷுக்குக் காலாள் இரண்டு, டிங்குக்கு ஒன்று. எல்லாக் காலாள்களும் ஒரே பக்கத்தில் நின்றன. பிழையின்றி ஆடினால் இது சமநிலையே. பையனும் அதைத்தான் சொன்னான், நாமும் தலையசைத்தோம். குகேஷ் மாத்திரம் எழுந்திருக்கவில்லை.

இத்தகைய முடிவாட்டத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. காலாள் மிகுந்தவன் பெரிய காய்களை மாற்ற வேண்டும்; காலாள்களை மாற்றலாகாது. குறைந்தவன் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். காரணம் எளிது. பத்து மூடை நெல் வைத்திருப்பவனுக்கும் ஒன்பது மூடை வைத்திருப்பவனுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டு வைத்திருப்பவனும் ஒன்று வைத்திருப்பவனும் அப்படியல்லர். கோட்டையும் பிஷப்பும் பலகையில் உலாவும்வரை மிஞ்சிய காலாளை அவை மறித்து நிற்கும். அவை மறைந்தாலோ, காவல் செய்ய அரசன் ஒருவனே எஞ்சுவான்.

ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் இவ்விதியை மறந்தார். தமது கோட்டையை எதிரியின் கோட்டைக்கு நேராக வைத்து, மாற்றிக்கொள்ள அழைத்தார். கோட்டைகள் போய்விட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று எண்ணினார் போலும். ஆனால் அவருடைய பிஷப் பலகையின் மூலையில் ஒதுங்கி நின்றதே! கோட்டைகள் மாறியவுடன் குகேஷ் தமது பிஷப்பை அதே மூலைவிட்டத்தில் எதிரே கொணர்ந்தார். மூலையில் நின்றதற்கு ஒதுங்க வேறு கட்டம் இல்லை. அதுவும் மாறியே தீரவேண்டும். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் இரு அரசரும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்குநேர் நின்றனர். நகர வேண்டியவர் டிங். நகர்ந்தால் வழிவிட வேண்டும். நகராமலிருக்க விதி இடங்கொடாது. அவர் கை கொடுத்தார். 1985இல் 22 வயதில் வாகை சூடிய காஸ்பரோவிலும் இளையவராகக் குகேஷ் அப்பட்டத்தைப் பெற்றார்.

ஒரு சிறுபிள்ளைத்தனமான பிழையால் உலகப் பட்டம் கைமாறியதே என்று முன்னாள் வாகையர் கிராம்னிக் வருந்தினார். குகேஷும் எதிரியின் பிழையைத் தாம் உடனே கண்டுகொள்ளவில்லை என்றும், வேறொரு நகர்த்தலை ஆட இருந்ததாகவும் ஒளியாமற் சொல்லியிருக்கிறார். ஆயின் அது வெறும் அதிட்டமா? நாம் அவ்வாறு கருதவில்லை. மிஞ்சிய காலாள் தருவது வெற்றியன்று. கேள்வி கேட்டுக்கொண்டேயிருக்கும் உரிமை. டிங் ஒவ்வொரு முறையும் சரியான விடை சொல்ல வேண்டும். குகேஷ் ஒன்றையும் இழக்காமல் மறுபடி கேட்கலாம். அன்று கடிகாரத்திலும் குகேஷுக்கே நேரம் மிகுதி.

2021இல் டுபாயில் கார்ல்சன், நெப்போம்னியாச்சி ஆகியோர் ஆடிய ஆறாவது ஆட்டமும் இதற்குச் சான்று. ஒரு ராணியை எதிர்த்துக் கோட்டை, குதிரை, இரு காலாள் ஆகியவற்றுடன் கார்ல்சன் ஊர்ந்து ஊர்ந்து முன்னேறினார். கணினியின் கணக்குப்படி சமநிலையாயிருந்த அந்நிலையில், 130ஆவது நகர்த்தலில் எதிராளி தவறினார். 136இல் ஆட்டம் முடிந்தது. ஏறத்தாழ எட்டு மணித்தியாலம்! எந்த பஸ்ஸும் அவ்வளவு நேரம் காத்திராது.

குகேஷ் கண்ணீர் மல்க, பலகையிற் காய்களை மீண்டும் முதல் நிலையில் அடுக்கியதைப் பையன் வைத்த கண் வாங்காமற் பார்த்தான். பின்னர் மெல்லிய குரலில், "சேர், அண்டைக்கு வவுனியாவில நான் விட்ட ஆட்டம் வெல்லக்கூடியதோ?" என்றான். ஆண்டுகள் சென்றும் அந்நிலை அவனுக்கு மனப்பாடமாயிருந்தது. முதலில் பரீட்சையை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தோம்.

பரீட்சை முடிந்த மறுவாரமே வந்து காய்களை அடுக்கினான். நலிந்த பக்கத்தை நாம் எடுத்துக்கொண்டோம், அதுவே நியாயம். இரண்டு மணித்தியாலம் ஆடினோம். இறுதியில் எமது கோட்டை அவனுடைய கடைசிக் காலாளை வெட்டிற்று, மறுபடியும் சமநிலை. அவன் சற்றும் சோரவில்லை. "ஒரு இடத்தில பிழை விட்டிட்டன் சேர், திருப்பி வைப்பமோ?" என்று கேட்டுக்கொண்டே காய்களைப் பழைய இடத்தில் நிறுத்தத் தொடங்கினான். உள்ளேயிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. கொஞ்சம் பொறுக்கும்படி சொல்லிவிட்டு, நாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.