மலிவு விலை விமான டிக்கெட்: பணம் போவது எந்தப் பக்கத்தில்?

விமான டிக்கெட்டை மலிவாக எடுப்பது எப்படி என்று கேட்டால் நண்பர்கள் உடனே இரண்டு யோசனைகள் சொல்வார்கள். ஒன்று, செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் தேட வேண்டும். இரண்டு, பிரவுசரில் குக்கீஸை அழித்துவிட்டு இன்காக்னிடோ விண்டோவில் தேட வேண்டும். இந்த இரண்டையும் நானும் பல முறை செய்து பார்த்திருக்கிறேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். என்னைக் கேட்டால், பணம் போவது தேடும் பக்கத்தில் அல்ல. விமானத்தைத் தேர்வு செய்த பிறகு, பணம் கட்டும் பக்கம் வருவதற்கு முன்பு நாலைந்து பக்கங்கள் வருகின்றன அல்லவா? அங்கேதான் போகிறது.

சென்ற ஆண்டு டெல்லியில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அப்பாவும் அம்மாவும் கோவையிலிருந்து போக வேண்டும். அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மின்கட்டணம், கேஸ் புக்கிங் எல்லாம் மொபைலில் அவரே செய்துவிடுவார். "டிக்கெட்டையும் நானே போட்டுக்கறேன் கண்ணு, உனக்கு வேலை இருக்கும்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தில் ஒருவருக்கு 5,400 ரூபாய். இருவருக்கும் 10,800. இரவு எனக்கு அனுப்பிய ரசீதைத் திறந்தால் 14,600 ரூபாய் என்றிருந்தது.

எங்கே போனது 3,800 ரூபாய்? முன்வரிசை இருக்கைகளுக்கு 1,000. சாப்பாட்டுக்கு 800. வரிசையில் முன்னால் நின்று லக்கேஜ் கொடுக்கும் வசதிக்கு 800. இன்சூரன்ஸ் 500. கன்வீனியன்ஸ் ஃபீ 700. இதில் கடைசியாக உள்ளது மட்டும்தான் அவரால் தவிர்க்க முடியாதது. "ஏம்பா இதையெல்லாம் எடுத்தீங்க?" என்று கேட்டேன். "சீட்டு நம்பர் போடாம எப்படிக் கண்ணு டிக்கெட் குடுப்பான்?" என்று திருப்பிக் கேட்டார். ரயிலிலும் பஸ்ஸிலும் நாற்பது வருடம் போன மனிதரின் நியாயமான கேள்வி அது. இன்சூரன்ஸ் விஷயம்தான் என்னை வருத்தியது. அங்கே இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்றில் 'என் பயணத்தைப் பாதுகாக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வாசகம். மற்றதில் 'வேண்டாம், நானே ரிஸ்க் எடுத்துக்கொள்கிறேன்' என்பது போல ஒரு வாசகம். "உங்கம்மாவும் கூட வர்றா, நான் எதுக்கு ரிஸ்க் எடுக்கோணும்?" என்றார்.

இப்படி மனசை உறுத்தும்படி எழுதி ஒரு பொருளை விற்பதற்குப் பெயரே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 13 வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது ஒரு வகை. கேட்காமலே கூடையில் பொருளைப் போடுவது ஒரு வகை. விலையை முதலில் முழுதாகச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது இன்னொரு வகை. 'இந்த விலையில் 2 இருக்கைகளே உள்ளன' என்று இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது இந்தப் பட்டியலை ஒரு முறை நினைத்துப் பாருங்கள், சில பக்கங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து நான் சேர்ந்த முதல் நிறுவனம் பயண வெப்சைட்டுகளுக்கு வேலை செய்து கொடுத்தது. அங்கே எனக்கு வந்த ஒரு வேலை, இருக்கை தேர்வுப் பக்கத்தில் இருந்த 'ஸ்கிப்' பட்டனை மாற்றுவது. நீல நிறப் பட்டனாக இருந்ததை வெறும் எழுத்தாக்கி, சாம்பல் நிறம் கொடுத்து, அளவைக் குறைத்து, மேல் மூலைக்கு நகர்த்தினேன். மொத்தம் நாலைந்து வரி சிஎஸ்எஸ். அரை மணி நேர வேலை. வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் பாதிப் பேருக்குப் புதிய பக்கத்தையும் காட்டி, எதில் அதிகம் பேர் இருக்கை வாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். இதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். புதிய பக்கம் ஜெயித்தது. மீட்டிங்கில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கணக்கில் கூடுதலாகச் சேர்ந்தவர்கள் யார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. அப்பாவின் ரசீதைப் பார்த்த இரவில்தான் தெரிந்தது.

'மலிவு விமானம் பிறகு எப்படிப் பிழைக்கும்? டிக்கெட்டைக் குறைத்துக் கொடுத்து மற்றதில்தானே சம்பாதிக்க வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். சாப்பாடும் இருக்கையும் வேண்டுவோர் மட்டும் அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பது நல்ல ஏற்பாடு என்றே நானும் நினைக்கிறேன். கால் நீட்டி உட்கார விரும்புபவர் கொடுக்கட்டும். என் ஆட்சேபம் வேறு. வேண்டும் என்று வாங்குபவரின் பணத்தோடு, வேண்டாம் என்று சொல்லும் வழி தெரியாதவரின் பணமும் அங்கே சேர்கிறது. எல்லாவற்றையும் ஸ்கிப் செய்யத் தெரிந்த எனக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதில் ஒரு பகுதியை என் அப்பா போன்றவர்கள் கட்டுகிறார்கள். 2003ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது பெட்ரோல் பங்க்கிலும் தபால் ஆபீஸிலும்கூட டிக்கெட் விற்றார்கள். முதல் முறை பறப்பவரைத் தேடிப் போனது அந்தக் காலம். ('சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அவர் கதை தெரிந்திருக்கும்.) இன்று அதே முதல் முறைக்காரர்தான் அதிகம் கட்டுகிறார்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விலை எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே விமானத்தில் இருக்கைகளைப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்த்தட்டு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த தட்டு திறக்கும். காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், உங்கள் குக்கீஸ் அல்ல. இதில் குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான்கு பேர் என்று கொடுத்துத் தேடினால், நான்கு இருக்கைகளும் உள்ள தட்டின் விலையையே பொதுவாக நால்வருக்கும் காட்டும். கீழ்த்தட்டில் இரண்டு இருக்கைகள் மீதம் இருந்தாலும் அது உங்கள் கண்ணுக்கு வராது. எனவே ஒருவர் என்று கொடுத்து ஒரு முறை தேடுங்கள். விலை குறைவாக வந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து எடுக்கலாம். ஆனால் சின்னக் குழந்தைகளைப் பெற்றோரின் பிஎன்ஆரிலிருந்து பிரிக்காதீர்கள். 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் உள்ள பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று டிஜிசிஏ 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. குழந்தைக்காகப் பயந்து இருக்கைக்குப் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

தேதியை ஒரு நாள் முன்பின் மாற்ற முடிந்தால் கூகுள் ஃபிளைட்ஸில் உள்ள தேதிவாரி விலையைப் பாருங்கள். அங்கே பார்த்துவிட்டு, விமான நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டிலும் கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். ஒப்பிட வேண்டியது முதல் பக்க விலையை அல்ல, கடைசிப் பக்க விலையை. கன்வீனியன்ஸ் ஃபீ பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, ஒரு வழிக்கு இவ்வளவு என்றுதான் போடுகிறார்கள். 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு பேர் போய் வர 2,400 ரூபாய். சில தளங்களில் யுபிஐக்கு ஒரு தொகை, கார்டுக்கு ஒரு தொகை. மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

இருக்கைப் பக்கம் வந்ததும் எதையும் தொடாமல் மூலைகளைப் பாருங்கள். மங்கிய எழுத்தில் ஸ்கிப் இருக்கும். இருக்கை எடுக்காவிட்டாலும் டிக்கெட் செல்லும். வெப் செக்-இன் செய்யும்போதும் எல்லா இருக்கைகளுக்கும் விலை காட்டினால் விமான நிலையக் கவுண்டரில் கேளுங்கள். போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. லக்கேஜ் மட்டும் இதற்கு நேர்மாறு. எடை கூடும் என்று தெரிந்தால் வீட்டிலேயே முன்கூட்டிப் பணம் கட்டுங்கள், கவுண்டரில் அதிகம் வாங்குவார்கள். செக்-இன் லக்கேஜே இல்லாத மலிவுக் கட்டணத்தை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024ல் கொண்டு வந்தது. ஊறுகாயும் முறுக்கும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது மலிவல்ல.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு செலவு உண்டு. பெயர். நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். பக்கம் கேட்பதோ முதல் பெயர், கடைசிப் பெயர். ஒற்றை எழுத்தைப் பல தளங்கள் ஏற்பதில்லை. அவசரத்தில் எதையாவது அடித்துவிட்டுப் பிறகு திருத்தப் போனால் தலைவலியும் செலவும்தான். இனிஷியலை விரித்து, அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்து அடியுங்கள்.

டிக்கெட்டை ரத்து செய்வதிலும் நிறையப் பேர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள், பயணத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால், கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பது 2019ல் வெளியான பயணிகள் சாசனத்தில் உள்ளது. இந்த அவகாசத்தை நீட்டிக்கும் வரைவை 2025 நவம்பரில் டிஜிசிஏ வெளியிட்டது. பணம் திரும்பாது என்று எழுதியுள்ள சலுகை டிக்கெட்டிலும் வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். 2016லிருந்து இதுதான் விதி. 'எப்படியும் ஒன்றும் கிடைக்காது' என்று ரத்து செய்யாமலே விடாதீர்கள். ஆனால் ரத்து செய்ய போன் நம்பரைக் கூகுளில் தேடவே தேடாதீர்கள். அங்கே போலி நம்பர்கள் உண்டு. ஸ்கிரீன் ஷேர் ஆப் போடச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ போனை வைத்துவிடுங்கள். நிறுவனத்தின் ஆப்பிலேயே ரத்து செய்யும் வசதி இருக்கிறது.

டெல்லியிலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் அப்பாவேதான் எடுத்தார். நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இருக்கைப் பக்கத்தில் மட்டும் மூன்று நிமிடம் தேடினார். "இங்க ஒளிச்சு வெச்சிருக்கான் பாரு" என்று விரலை வைத்தார். ஆளுக்கு 5,900 ரூபாய், கன்வீனியன்ஸ் ஃபீ சேர்த்து மொத்தம் 12,500. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடவில்லை. அப்பாவுக்கு 24வது வரிசையும் அம்மாவுக்கு 11வது வரிசையும் கிடைத்தன. கோவையில் இறங்கியதும் அம்மா எனக்கு போன் செய்தார். "மூணு மணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆளில்லாம வந்தேன் கண்ணு. அடுத்த வாட்டி சீட்டுக்கு மட்டும் காசு கட்டிடு" என்றார்.