முகாம் முடிந்த மறுநாள்

இங்குள்ள ஒரு சபையும் தமிழ்நாட்டுச் சபை ஒன்றும் சேர்ந்து அங்கே ஒரு கிராமத்தில் இரண்டு நாள் மருத்துவ முகாம் நடத்தின. போன டாக்டர்களுக்குத் தமிழ் வராது, அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். இரத்த அழுத்தம் எகிறியிருந்த ஒரு பாட்டிக்குப் பதினான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்தோம். முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்: "இது தீந்து போனா யார்கிட்ட தம்பி வாங்குறது?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் உள்ளூர்ப் போதகரைப் பார்த்தார். போதகர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பாட்டியின் பெயரைப் பதிய வைத்திருந்தால் போதும். எங்கள் குழுவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான். ஆனால் டீ-சட்டை என்ன நிறம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் பேசியிருந்தோம்.

"சும்மா இருக்காம ஏதோ செய்றாங்க, அதையும் குறை சொல்லணுமா?" என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். விமான டிக்கெட்டுக்குப் போன பணத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தந்திருக்கலாம். அவள் அங்கேயே இருப்பாள். நாங்கள் மறுநாளே பஸ் ஏறிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். டோக்கன் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஜெபம் நடந்தது. ஜெபிப்பது தவறில்லை. ஆனால் மூட்டு வலியோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவரால் எழுந்து போக முடியுமா? முடியாதவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. அதற்காக, இதெல்லாம் மதமாற்ற வியாபாரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களோடும் நான் சேரமாட்டேன். அந்த வரியிலும் பாட்டிக்குப் பதினைந்தாவது நாள் மாத்திரை கிடைக்காது.

வரலாறு அந்த ஒரு வரியில் அடங்காது. அமெரிக்க மிஷன் அனுப்பிய டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மதம் பரப்ப வந்தவர்தான், அதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் மானிப்பாயில் அவர் செய்ததைப் பாருங்கள். தமிழ் கற்றார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு, பிரசவம், அறுவை மருத்துவம், வேதியியல் என்று தடித்தடியான பாடநூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்களாக்கினார். 1873இல் அவர் கப்பல் ஏறிய பிறகும் மருத்துவம் அந்த ஊரில் இருந்தது. இயேசுவை ஏற்காதவர் கையிலும் அந்த நாடி பிடிக்கும் அறிவு இருந்தது.

அடுத்தது ஜாம்கெட். மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி 1970இல் அங்கே போனார்கள். கிராமத்துப் பெண்களை, அதிலும் தலித் பெண்களை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக்கூட, சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். பிரசவம், குழந்தையின் எடை, குடிநீர், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் அந்தப் பெண்கள் பொறுப்பு. தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்டவள் பிரசவம் பார்க்க மேல்சாதி வீட்டுக்குள் போனாள். எந்த மருத்துவ முகாமும் அந்தக் கதவைத் திறந்ததில்லை.

இதற்கும் சபைக் கூட்டுறவுக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். உலகச் சபை மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்தது. சபைகளின் பணமும் உழைப்பும் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டடங்களுக்குப் போகின்றன, சுற்றியிருக்கும் கிராமங்களை எட்டவில்லை என்று அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது. ஜாம்கெட் போன்ற முயற்சிகளை உலகத்துக்குக் காட்டியது. 1978இல் அல்மா அட்டாவில் ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் பிரகடனம் செய்ததன் பின்னால் அந்தச் சிந்தனையும் இருக்கிறது. ஆக, முகாமைக் கேள்வி கேட்பது விசுவாசத்துக்கு விரோதம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் சபைகளே கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். அவர்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. இங்கே தமிழை எழுதவும் படிக்கவும் தெரிந்த இளைஞர்கள் கொஞ்சப் பேர்தான். அடுத்த குழு கிளம்பும்போது மொழிபெயர்க்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். போங்கள். போவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். நாம் திரும்பிய பிறகு அங்கே இருக்கப்போவது யார்? பக்கத்து அரசு சுகாதார நிலையத்தோடு பேசியாகிவிட்டதா? ஜெபிக்காதவருக்கும் முதல் டோக்கன் கிடைக்குமா?

பதில் இல்லையென்றால் டிக்கெட் பணத்தை அந்த ஊருக்கே அனுப்பச் சொல்லுங்கள். கோபப்படுவார்கள், படட்டும். எங்கள் முகாம் முடிந்த மூன்றாவது வாரம் சபையில் நன்றி ஆராதனை வைத்தார்கள். திரையில் அந்தப் பாட்டியின் சிரித்த முகம் பெரிதாகத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முந்தானையில் முடிந்த மாத்திரை அதற்குள் தீர்ந்திருக்கும்.