ஆகாய விமானத்துக்கு வழி காட்டுவது யார்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வயல் வேலை செய்கிறவர்கள், தலைக்கு மேலே ஆகாய விமானம் பறந்து போவதைப் பார்ப்பது உண்டு. பிள்ளைகள் கை தட்டுவார்கள். "ஆகாயத்தில் ரோடு இல்லை, மைல் கல் இல்லை, கைகாட்டி மரம் இல்லை. பிறகு எப்படி வழி தெரிகிறது?" என்று கேட்பார்கள்.

நல்ல கேள்வி. அதற்கு உரிய பதில் இப்போது மாறிக் கொண்டு வருகிறது.

சுமார் 75 ஆண்டுகளாக விமானங்களுக்கு வழி சொல்லி வந்தவை, தரையில் உள்ள ரேடியோ நிலையங்கள். உலகின் பல நாடுகளில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து வருகிறார்கள். அந்த வேலையைச் செயற்கைக் கோள்கள் ஏற்றுக் கொள்கின்றன.

இது நல்லதா? இதில் ஆபத்து உண்டா? புதுச்சேரி மக்களுக்கு இதனால் என்ன?

ரேடியோ வெளிச்ச வீடு

புதுச்சேரிக் கடற்கரையில் பழைய வெளிச்ச வீடு ஒன்று இருக்கிறது. அது பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1836-ம் ஆண்டில் ஏற்றப்பட்டது. இரவில் வரும் கப்பல்கள் அந்த வெளிச்சத்தைக் கண்டு, கரை இருக்கும் இடத்தை அறிந்து கொண்டன.

விமானத்துக்கும் இப்படி ஓர் அடையாளம் வேண்டும். ஆனால், மேகமும் மழையும் வெளிச்சத்தை மறைத்து விடும். ஆகவே, வெளிச்சத்துக்குப் பதிலாக ரேடியோ அலையைப் பயன்படுத்தினார்கள்.

முதலில் வந்தது "என்.டி.பி." என்ற நிலையம். அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ரேடியோ அலையை வீசும். விமானத்தில் உள்ள முள், அலை வரும் திசையைக் காட்டும். இடி மின்னல் வந்தால் முள் தடுமாறும். இது பெரிய குறை.

1940-களின் பிற்பகுதியில் "வி.ஓ.ஆர்." வந்தது. அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்து கொள்வது எளிது.

ஒரு வெளிச்ச வீட்டில் இரண்டு விளக்குகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு விளக்கு சுற்றிக் கொண்டே இருக்கிறது. அது வடக்கே திரும்பும் ஒவ்வொரு தடவையும், மற்ற விளக்கு எல்லாத் திசைக்கும் தெரியும்படி "பளிச்" என்று மின்னுகிறது. அது மின்னியதும் எண்ணத் தொடங்க வேண்டும். சுற்றும் விளக்கின் ஒளி நம் முகத்தில் படும் வரை எண்ண வேண்டும். அதை வைத்து, நாம் வெளிச்ச வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறோம் என்று சொல்லி விடலாம்.

வி.ஓ.ஆர். இதையே ரேடியோ அலையில் செய்கிறது. ஒரு நொடிக்கு 30 சுற்று! எண்ணும் வேலையை விமானத்தில் உள்ள கருவி பார்த்துக் கொள்கிறது.

சென்னை விமான நிலையத்துக்கும் இப்படி ஒரு வி.ஓ.ஆர். உண்டு. ஒரு வி.ஓ.ஆரில் இருந்து அடுத்த வி.ஓ.ஆரை நோக்கி விமானங்கள் பறந்தன. அதுவே ஆகாய ரோடு.

ஏன் குறைக்கிறார்கள்?

இந்த நிலையங்களுக்குச் செலவு அதிகம். இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆட்கள் வேண்டும். அலை சரியாக வருகிறதா என்று தனி விமானம் அனுப்பிச் சோதிக்க வேண்டும். மேலும், நிலையத்துக்கு நிலையம் வளைந்து போவதால் எரிபொருளும் வீணாகிறது.

செயற்கைக் கோள் இருந்தால் விமானம் நேர் கோட்டில் போகலாம்.

ஆகவே, அமெரிக்கா 2016-ல் ஒரு திட்டம் வெளியிட்டது. 308 வி.ஓ.ஆர். நிலையங்களை மூடலாம் என்று பட்டியல் போட்டது. சுமார் 590 நிலையங்களை வைத்துக் கொள்வது என்று முடிவு செய்தது.

இந்தியாவும் பின்தங்கி விடவில்லை. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து "ககன்" என்ற ஏற்பாட்டை உருவாக்கின. ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சொல்லும் கணக்கில் சிறு பிழைகள் இருக்கும். நாட்டின் 15 இடங்களில் உள்ள தரை நிலையங்கள் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கின்றன. திருத்தம், இந்தியச் செயற்கைக் கோள் வழியாக விமானத்துக்குப் போகிறது.

2022 ஏப்ரல் 28-ந் தேதி, ராஜஸ்தான் மாநிலம் கிஷன்கரில் ஓர் இண்டிகோ விமானம் ககன் உதவியுடன் இறங்கியது.

சிறிய ஊருக்கு லாபம்

கிஷன்கர் சிறிய விமான நிலையம். அங்கே இறங்கியது "ஏ.டி.ஆர்." என்ற விசிறி விமானம்.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையமும் சிறியதுதான். ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. 2024 டிசம்பர் 20-ந் தேதி பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ தொடங்கிய சேவையும் ஏ.டி.ஆர். விமானத்தில்தான்.

இத்தகைய சிறு நிலையங்களுக்குச் செயற்கைக் கோள் ஒரு வரப்பிரசாதம். விலை உயர்ந்த கருவிகளைத் தரையில் நிறுத்தாமலே, விமானத்தை ஓடுபாதை வரை வழி நடத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விமானம் இறங்க முடியாமல் திரும்பும் தொல்லை குறையும்.

டெல்லியில் நடந்தது

ஆனால், மறுபக்கமும் இருக்கிறது.

ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. அவற்றின் அலை தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்து விடுகிறது. சிறிய கருவி ஒன்றைக் கொண்டு அதை அமுக்கி விடலாம். அதைவிட மோசம், பொய் அலையை அனுப்பி விமானத்தை ஏமாற்றலாம். "நீ இங்கே இருக்கிறாய்" என்று இல்லாத இடத்தைச் சொல்லும்!

2025 நவம்பரில் டெல்லி அருகே இது நடந்தது. செயற்கைக் கோள் முறையில் இறங்க வந்த சில விமானங்களுக்குப் பொய் அலை கிடைத்தது. விமானிகள் மாற்று முறையைக் கையாண்டார்கள். தரைக் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பு இல்லை. டிசம்பர் 1-ந் தேதி மத்திய மந்திரி ராம் மோகன் நாயுடு பாராளுமன்றத்தில் இதைத் தெரிவித்தார்.

2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், இப்படி 465 சம்பவங்கள் பதிவானதாகவும் சர்க்கார் முன்பே கூறி இருந்தது.

எஸ்தோனியா நாட்டின் தார்த்து நகரில் வேறு விதமான கஷ்டம். அங்கே இறங்குவதற்கு ஜி.பி.எஸ். மட்டுமே துணை. அது கெட்டுப் போனதால், 2024 ஏப்ரல் கடைசியில் பின்னேர் கம்பெனி அந்த ஊருக்கு விமானம் விடுவதையே நிறுத்தியது. ஜி.பி.எஸ். இல்லாமல் இறங்கும் ஏற்பாடு செய்த பிறகே, ஒரு மாதம் கழித்து, சேவை மீண்டும் தொடங்கியது.

ஏரி சொல்லும் பாடம்

புதுச்சேரி விவசாயிகளுக்கு இது புதிய பாடம் அல்ல. புதுச்சேரிப் பகுதியில் பாகூர் ஏரி, ஊசுட்டேரி உள்பட 84 ஏரிகள் உண்டு. போர்வெல்லும் மோட்டாரும் வந்ததும் ஏரிகளை மறந்தார்கள். வாய்க்கால்கள் தூர்ந்தன. நிலத்தடி நீர் கீழே போன பிறகுதான் ஏரியின் அருமை தெரிந்தது. 1999-ல் ஐரோப்பிய யூனியன் உதவியுடன் ஏரிகளைச் செப்பனிடத் தொடங்கினார்கள்.

போர்வெல் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். ஏரித் தண்ணீர் மதகைத் திறந்தால் தானே பாயும். இரண்டும் ஒரே காரணத்தால் கெடுவதில்லை. அதுதான் பாதுகாப்பு.

விமான விஷயமும் அப்படியே. செயற்கைக் கோள் ஏமாறும்போது தரை ரேடியோ ஏமாறுவதில்லை. எல்லாத் தரை நிலையங்களையும் வைத்திருக்க வேண்டியது இல்லை. ஆனால், அவசரத்துக்கு வேண்டிய அளவு கட்டாயம் வேண்டும். தரை நிலையங்களை அந்த அளவுக்குக் காப்பாற்றி வருவதாக மந்திரி கூறி இருக்கிறார். அது சரியான முடிவு.

அந்த முடிவு காகிதத்தோடு நின்று விடக் கூடாது. தினமும் பயன்படாத கருவிக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றுப் போவார்கள். பணமும் ஆட்களும் தொடர்ந்து கிடைக்கிறார்களா என்று பாராளுமன்றம் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். விமானத்தில் போகிறவர்களின் உயிர், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் இருக்கிறது.