சிகரப் பட்டியல் அறிமுகம் ஆகாது

பெங்களூரின் மலையேற்றக் குழுக்களில் புதிதாகச் சேர்பவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: பெயர், வேலை பார்க்கும் நிறுவனம், அதுவரை ஏறிய சிகரங்கள். வெள்ளிக்கிழமை இரவு நகரத்தை விட்டுக் கிளம்பும் டெம்போ டிராவலரிலும், மறுநாள் விடியலில் மலையடிவாரத்தில் எல்லோரும் வட்டமாக நிற்கும்போதும் இதுவே நடக்கிறது. முள்ளய்யனகிரி, குதிரேமுக், தடியண்டமோள் என்று பட்டியல் நீள நீள மதிப்பும் கூடுகிறது. சொல்ல ஒன்றும் இல்லாதவர் “இதுதான் முதல் தடவை” என்று தயங்கி முடித்துக்கொள்கிறார். ஏறிய சிகரங்களே ஒருவரின் தகுதிக்குச் சான்று என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. அது தவறு மட்டுமல்ல, மலையில் உயிருக்கே ஆபத்து.

ஒரு மலையில் பெற்ற அனுபவம் இன்னொரு மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முள்ளய்யனகிரி சுமார் 1,930 மீட்டர். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே, மாநிலத்தின் எல்லாச் சிகரங்களையும் ஏறி முடித்தவரின் உடல் இமயத்தின் மெல்லிய காற்றில் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பட்டியலில் எந்தத் தடயமும் இல்லை. உடற்பயிற்சியும் இந்நோய்க்குக் காப்பு அல்ல. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவதாலேயே அவதிப்படுவதும் உண்டு. முன்பு எப்போதாவது இந்நோய் வந்ததா என்ற ஒரு கேள்விக்கான பதில், பத்துச் சிகரங்களின் பெயர்களைவிடப் பயனுள்ளது.

இமயத்தில் நடந்தவருக்கும் கர்நாடகத்தின் குமார பர்வதம் எளிதாகிவிடாது. அதன் உயரம் 1,712 மீட்டர்தான். ஆனால் குக்கே சுப்பிரமணியாவிலிருந்து தொடங்கினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற வேண்டும். காட்டைத் தாண்டியதும் நிழலற்ற புல்வெளி. அங்கே ஆளைச் சாய்ப்பவை வெயிலும் நீரிழப்பும்.

2024 ஜூன் மாதம் உத்தரகண்டின் சகஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர் அடங்கிய, 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தனர். மலைநடையில் பழகியவர்கள் அதில் பலர். இறந்தவர்களைக் குறை சொல்வது அநீதி. முந்தைய பயணங்கள் எதுவும் அடுத்த பயணத்துக்கு உத்தரவாதம் தராது என்பதே அந்தத் துயரம் சொல்லும் செய்தி.

பட்டியலின் இன்னொரு கேடு, அது குழுவுக்குள் மேல் கீழ் வகுத்துவிடுவது. இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். ஒருவரை வல்லுநராகக் கருதி மற்றவர்கள் முடிவை அவரிடமே விட்டுவிடும் மனப்போக்கை, ஆபத்தில் தள்ளும் பொறிகளில் ஒன்றாக அவர் குறிப்பிட்டார். பட்டியல் வழி அறிமுகம் இந்தப் பொறியை முதல் ஐந்து நிமிடத்திலேயே விரித்துவிடுகிறது. “இருட்டுகிறது, திரும்பிவிடலாம்” என்று சொல்லவேண்டிய புதியவர், தமக்கு அந்த உரிமை இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்.

புதியவரை மதிக்கும் முறை தமிழர்களுக்குத் தெரியாததல்ல. சபரிமலை யாத்திரையில் முதல்முறை செல்பவர் கன்னிசாமி. அதை அவர் மறைப்பதில்லை. பதினெட்டு முறை சென்றவர் குருசாமி. அவருடைய எண்ணிக்கை, கன்னிசாமியைப் பத்திரமாக அழைத்துச் சென்று திரும்பும் பொறுப்பாகிறது. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகச் செல்லும் பெருவழிப் பாதையில் அனுபவத்துக்குப் பொருள் அதுதான்.

அனுபவத்தைச் சொல்லாவிட்டால் குழுத்தலைவர் எப்படித் திட்டமிடுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்ல வேண்டியதுதான், ஆனால் எங்கே தளர்ந்தோம், எங்கே பாதியில் திரும்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எம்மா கேட்வுட் என்ற பெண்மணி 1954இல் அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதையில் வழிதவறித் திரும்பினார். மறு ஆண்டே, 67ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். சிகரப் பட்டியலை மட்டும் கேட்கும் குழு அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கும்.

உடல்நிலை விவரங்கள்தாம் முன்பதிவுப் படிவத்தில் இருக்கின்றனவே என்பது இன்னொரு வாதம். படிவம் அமைப்பாளரின் கோப்பில் இருக்கிறது. மூச்சுத் திணறுவதை முதலில் பார்ப்பவர் பக்கத்தில் நடப்பவர். முதலுதவிப் பயிற்சி பெற்றவர் விழுந்தவரிடம் கேட்பவை தெளிவானவை: என்ன செய்கிறது, எதற்கு ஒவ்வாமை, என்ன மருந்து, முன்பு என்ன நோய், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன நடந்தது. நினைவு தப்பியவர் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. எனவே ஒவ்வாமை, மருந்து, பழைய நோய் ஆகிய மூன்றும் அறிமுகத்திலேயே வந்துவிட வேண்டும்.

ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது, சர்க்கரை நோயாளி எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், இறங்கும்போது முழங்கால் வலிக்குமா, கன்னடம் பேச வருமா, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பவை சேர்ந்ததே நல்ல அறிமுகம். எல்லோர் முன்னும் சொல்லக் கூச்சப்படுபவர் தலைவரிடமும் உடன் நடப்பவர் ஒருவரிடமும் சொன்னால் போதும். இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைக்க வேண்டியவர் குழுத்தலைவர். அவர் தம்முடைய குறையை முதலில் சொன்னால்தான் புதியவருக்குத் தம் குறையைச் சொல்லத் துணிவு வரும்.